1000 ரூபாயும் ரேஷன் அரிசியும் வறுமைய நெஜமாவே கொறைக்குதா?

கரிசல்மண்:

வணக்கம் மக்களே, ஒரு வாரமா மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்கு, அதான் இங்க வந்து கேக்குறேன். எங்க ஊரு சாத்தூர் பக்கம், வேலைக்காக சென்னையில இருக்கேன். போன வாரம் அக்கா மகளுக்கு காதுகுத்துன்னு ஊருக்கு போயிருந்தேன், பந்தி முடிஞ்சு திண்ணையில எல்லாரும் வெத்தல போட்டுட்டு உக்காந்திருக்கறப்ப எங்க மச்சான் பேச்ச ஆரம்பிச்சாரு. அரிசி சும்மா, பொம்பளைக்கு பஸ்ஸு சும்மா, மாசம் 1000 ரூவா வேற, 100 நாள் வேலைன்னு வேப்பமரத்தடியில உக்காந்துட்டு வந்தா அதுக்கும் காசு, இப்படி அள்ளிக் குடுத்தா எவன் ஒழைப்பான், சனத்தையே கெடுத்து வெச்சிட்டாங்கன்னு. சுத்தி இருந்தவங்க எல்லாம் ஆமா ஆமான்னாங்க. நான் வாயத் தெறக்கல.

எங்கம்மா அப்ப எல எடுத்துட்டு இருந்தாங்க. ஒரு நிமிஷம் நின்னு கேட்டாங்க, ஒண்ணுமே சொல்லாம கூடைய தூக்கிட்டு கொல்லப்பக்கம் போயிட்டாங்க. அம்மா 100 நாள் வேலைக்கு போனவங்க தான். அப்பா தவறுனப்ப நான் எட்டாவது, அக்கா பத்தாவது. அம்மா காலையில தீப்பெட்டி ஆபீஸ், வேலை அட்டையில வேலை வந்தா கண்மாய்க்கு மண்ணு வெட்ட, அப்படித்தான் எங்க ரெண்டு பேரையும் கர சேத்தாங்க. மச்சானுக்கும் இது தெரியும். அத விடுங்க.

எனக்கு தெரிய வேண்டியது இது தான். மத்திய அரசோட நிதி ஆயோக் அமைப்பு 2023ல போட்ட கணக்குல தமிழ்நாட்டுல பல பரிமாண வறுமையில (காசு மட்டும் பாக்காம படிப்பு, ஒடம்பு, வீட்டு வசதின்னு சேத்து பாக்கற வறுமை) இருக்கறவங்க 2015-16ல 4.76 சதவீதம், 2019-21ல 2.20 ஆயிருச்சுன்னு இருக்கு. நாடு மொத்தத்துக்கும் அப்ப 14.96. இந்த வித்தியாசம் அரசாங்க உதவியால வந்ததா, இல்ல ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர்னு கம்பெனிங்க வந்ததால வந்ததா? உதவி ஆள மேல ஏத்தி விடுதா, இல்ல கீழ விழாம பிடிச்சு வெச்சிருக்கறதோட சரியா? கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மஞ்சப்பை:

தம்பி, உங்கம்மா நின்னு கேட்டுட்டு போனாங்கன்னு எழுதிருக்கீங்களே, அந்த எடத்துல எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. எங்கம்மாவும் அப்படி நின்னுருக்கு.

நாங்க விழுப்புரம் ஜில்லா. 2006 பிப்ரவரியில இந்த வேலைத் திட்டம் ஆரம்பிச்சப்ப தமிழ்நாட்டுல மொத கட்டத்துலயே வந்த ஜில்லாவுல எங்களுதும் ஒண்ணு. அப்ப கூலி 80 ரூவா, ஆம்பளைக்கும் 80 பொம்பளைக்கும் 80. படிக்கறவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்னு தோணலாம். அதுக்கு முன்னாடி எங்கம்மா களையெடுக்க போனா காலையில ஏழு மணிக்கு குனிஞ்சது மத்தியானம் வரைக்கும் நிமிராது, கையில வர்றது 35 ரூவா, அதே கொல்லியில (வயல்ல) வரப்பு வெட்டுற ஆம்பளைக்கு 80, 90ன்னு போகும். 100 நாள் வேலையில ஏரி வெட்டற வேலை வந்த அடுத்த வருஷம் களையெடுக்க கூப்பிட வந்தவரு வாசப்படி கிட்ட நின்னுட்டு "எவ்ளோம்மா கேக்கற"ன்னாரு. எங்கம்மா பதில் சொல்லத் தெரியாம முழிச்சுது. அதுவரைக்கும் யாரும் அத பாத்து எவ்ளோ வேணும்னு கேட்டதே இல்ல, குடுக்கறத முந்தானையில முடிஞ்சுகிட்டு வரும். ஏரியில எல்லாரும் மாங்கு மாங்குன்னு வெட்டுனாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், சில நாள் உக்காந்தும் இருந்திருக்காங்க. ஆனா அந்த வேலை இருந்ததால கொல்லி வேலைக்கு மதிப்பு வந்துச்சு, அத நான் கண்ணால பாத்தேன்.

அடுத்து கடன். வறுமைன்னா பசின்னு தான் எல்லாரும் நெனைக்கிறாங்க, எங்க வீட்டுல வறுமைன்னா தண்டல். 10000 எழுதி கையெழுத்து வாங்குவான், கையில 8500 குடுப்பான், தெனம் 100 ரூவா 100 நாளைக்கு கட்டணும். சாயந்தரம் ஆறு மணிக்கு அந்த டிவிஎஸ் 50 சத்தம் தெருமுனையில கேட்டா எங்கம்மா வெளக்க அமத்திட்டு பின்பக்கம் போயிடும், நான் தான் வாசல்ல நின்னு அம்மா இல்லன்னு சொல்லணும், எனக்கு அப்ப பதினோரு வயசு. இந்த தண்டல் எதுக்கு வாங்குனோம்னு நெனைக்கிறீங்க? கல்யாணம், திருவிழாவுக்கா? ஒரு மாசம் மழ புடிச்சுகிச்சு, வேலை இல்ல, அரிசி இல்ல, அவ்ளோ தான். மொத தண்டல கட்ட ரெண்டாவது தண்டல், அத கட்ட கம்மல் அடகுக்கடைக்கு.

2008 செப்டம்பர்ல ரேஷன்ல கிலோ ஒரு ரூவான்னு ஆச்சு, 2011 ஜூன்லேர்ந்து 20 கிலோ சும்மா. அந்த அரிசிய பத்தி ஆளாளுக்கு கேவலமா பேசுவாங்க, வாட வரும், மாவாட்டத் தான் ஆகும்னு. ஆமா சில மாசம் வாட வரும், நாலு தண்ணி கழுவி வடிச்சா போயிடும். ஆனா அரிசிக்கு போற காசு நின்னப்ப தான் எங்க வீட்டுல தண்டல் நின்னுச்சு. 2010 தையில எங்கம்மா கம்மல மீட்டுகிட்டு வந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஒரு சின்ன பழுப்பு கவர்ல நீல மையில நம்பர் போட்டிருந்தது, கம்மல எடுத்து காதுல போட்டுகிச்சு, ஆனா அந்த கவர தூக்கி எறிய மனசு வராம சாமி படத்துக்கு பின்னாடி சொருவி வெச்சுது.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இது தான் தம்பி. ஏழைக்கு பெரிய தொகைய விட தேதி முக்கியம். இப்ப 2023 செப்டம்பர் 15லேர்ந்து வர்ற அந்த மாசம் 1000 ரூவாய பாருங்க, அத வெச்சு யாரும் பணக்காரி ஆவல. ஆனா மாசம் பாதியில அந்த மெசேஜ் வந்துடும்னு தெரிஞ்சா கடைக்காரரு தைரியமா நோட்டுல எழுதிக்குவாரு, தண்டல்காரன் வாசலுக்கு போவ வேணாம். காசு எவ்ளோன்னு பாக்கறவங்க யாரும் தேதிய பாக்க மாட்டேங்கறாங்க.

நான் சத்துணவு சாப்பிட்டு படிச்சு இப்ப நர்ஸா இருக்கேன். என் பொண்ணு இன்னிக்கு காலையில இட்லி புடிக்கலன்னு தட்ட தள்ளிட்டு போயிருக்கா. திட்டத்தான் திட்டுனேன், ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி.

நெல்லுவயல்:

உங்க மச்சான் பேசுன பேச்ச நானும் பேசிருக்கேன்னு ஒத்துக்கறேன். திருவாரூர் பக்கம் நாலு ஏக்கர். மேட்டூர் ஜூன் 12 தொறந்து தண்ணி வந்து நாத்து தயாரா நிக்கும், நடவுக்கு ஆள் கெடைக்காது, வயித்தெரிச்சல்ல 100 நாள் வேலைய தான் திட்டுவோம். அந்த கஷ்டம் உண்மை, அத யாரும் இல்லன்னு சொல்லாதீங்க.

ஆனா ஒரு வருஷம் உக்காந்து யோசிச்சு பாத்தேன், எங்க தெருவுல நடவுக்கு வந்துட்டு இருந்த குடும்பம் எல்லாம் எங்க போச்சுன்னு. புள்ளைங்க பாதி திருப்பூர்ல, பாதி சிங்கப்பூர் மலேசியாவுல, மிச்சம் கட்டட வேலைக்கு. 100 நாள் வேலையில நிக்கறவங்க யாருன்னு பாத்தா அறுவது வயசு தாண்டுன அம்மாங்க, புருசன் இல்லாதவங்க, முட்டி வலிக்காரங்க. தமிழ்நாட்டுல அந்த வேலைக்கு வர்றதுல 85 சதவீதத்துக்கு மேல பொம்பளைங்க தான். பேரு தான் 100 நாள், நாடு முழுக்க சராசரி பாத்தா ஒரு குடும்பத்துக்கு 50 நாள் பக்கம் தான் கெடைக்குது. 2025-26ல நம்ம மாநிலத்துக்கு கூலி 336, 50 நாளுன்னா வருசத்துக்கு 17000 கூட வராது. அத வெச்சுகிட்டு எவன் வருசம் பூரா சும்மா உக்காருவான்?

இன்னொண்ணு. என் மோட்டாருக்கு கரண்ட் இலவசம், எங்கப்பா காலத்துலேர்ந்து. பிஎம் கிசான்ல வருசம் 6000 வருது. கூட்டுறவு கடன் தள்ளுபடி ஆனப்ப நானும் வரிசையில நின்னேன். என்ன பாத்து யாரும் சோம்பேறி ஆயிட்டான்னு சொல்லல, விவசாயிக்கு கை குடுக்குறாங்கன்னு தான் சொன்னாங்க. எனக்கு வந்தா கை குடுக்கறது, நடவு நட்டு குடுத்த அம்மாவுக்கு போனா கெடுக்கறதான்னு தோணுனதுக்கப்புறம் அந்த பேச்ச விட்டுட்டேன்.

100 நாள் வேலைக்கு பதிலா 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல பாஸான புது சட்டத்துல 125 நாளுன்னு இருக்கு, விதைப்பு அறுப்பு சீசன்ல 60 நாள் வரைக்கும் வேலைய நிறுத்தி வெக்கலாம்னும் இருக்கு. என்ன மாதிரி ஆளுக்கு அந்த 60 நாள் நல்லது தான். ஆனா செலவுல 40 சதவீதம் மாநிலம் போடணுமாம், அந்த காசு சொன்ன நேரத்துக்கு வருமாங்கறது தான் கவலை. மேல மஞ்சப்பை அக்கா சொன்ன அந்த தேதி விஷயம் நூத்துக்கு நூறு சரி. கூலி 15 நாளைக்குள்ள குடுக்கணும்னு 2005 சட்டத்துலயே இருந்துச்சு, லேட்டானா நாளுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு. 3000 ரூவா பாக்கின்னா ஒரு நாளைக்கு ஒண்ணரை ரூவா. அதே 3000த்த வெளிய வாங்குனா என்ன வட்டின்னு எல்லாருக்கும் தெரியும்.

எண்ணும்எழுத்தும்:

சுருக்கமா ரெண்டு விஷயம்.

நிதி ஆயோக் கணக்கு வருமானக் கணக்கு கெடையாது. 12 விஷயத்த பாக்குறாங்க: ஊட்டச்சத்து, குழந்தை சாவு, தாய் நலம், எத்தன வருஷம் படிச்சாங்க, புள்ளைங்க ஸ்கூலுக்கு போகுதா, சமையல் கேஸ், கக்கூஸ், குடிதண்ணி, கரண்ட், வீடு, சாமான், பேங்க் கணக்கு. இதுல பாதிக்கு மேல அரசாங்கம் நேரா செய்ய வேண்டிய வேலை. அதனால அந்த 2.20ல அரசாங்கத்தோட பங்கு கண்டிப்பா இருக்கு. ஆனா ஒரு குடும்பத்தோட சம்பளம் ஏறுச்சான்னு அந்த நம்பர வெச்சு சொல்ல முடியாது, அதுக்கு ஓசூரும் திருப்பூரும் வேணும். ரெண்டையும் எதிரெதிரா நிறுத்துறது தான் தப்பு. கம்பெனி வேலைக்கு போற பொண்ணு பத்தாவது வரைக்கும் ஸ்கூல்ல நின்னதுக்கு காரணம் மத்தியான சோறுன்னா, அப்ப எத எந்த கணக்குல எழுதுவீங்க?

சோம்பேறி கதைக்கு: பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் இன்னும் மூணு பேரும் 2017ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, அவரு 2019ல நோபல் வாங்குனவரு. மெக்சிகோ, மொராக்கோ, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ்னு ஆறு நாட்டுல ஏழு பண உதவித் திட்டத்த எடுத்து பாத்தாங்க. காசு வாங்குனதால ஆளுங்க வேலைக்கு போறத கொறைச்சதா எங்கயும் தெளிவான ஆதாரம் கெடைக்கல. சத்துணவ பத்தி 2021ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ங்கற அறிவியல் பத்திரிகையில வந்த ஆய்வு இன்னும் பெருசு. இந்தியாவுல சின்ன வயசுல ஸ்கூல் சாப்பாடு கெடைச்ச பொண்ணுங்க வளந்து அம்மா ஆனப்ப, அவங்க பெத்த புள்ளைங்களுக்கு வயசுக்கேத்த ஒசரம் நல்லா இருந்துச்சாம். இன்னிக்கு போட்ட சோறு இருபது வருஷம் கழிச்சு அந்த பொண்ணு பெத்த புள்ள ஒசரத்துல தெரியுது. எந்த பட்ஜெட் பேச்சுலயும் இத கணக்குல எடுக்க மாட்டாங்க.

ஊர்க்குருவி:

எல்லாரும் வாங்குனவங்கள பத்தி பேசுறீங்க, வாங்க முடியாதவங்கள பத்தி நான் சொல்றேன். நாலு வருஷமா எங்க ஏரியாவுல வயசானவங்களுக்கு மனு எழுதிக் குடுக்கறேன், ஆன்லைன்ல பதிஞ்சும் குடுக்கறேன், காசு வாங்கறதில்ல.

எங்க தெருவுல ஒரு பாட்டி, நாப்பது வருஷம் செங்கச்சூளையில கல்லு தூக்குனவங்க. ரேஷன் கடையில மெஷின்ல வெரல வெச்சா ரேகை விழாது. தொடச்சுட்டு வைங்கம்பாங்க, எண்ணெ தேய்ச்சுட்டு வாங்கம்பாங்க, அந்த பாட்டி ஒவ்வொரு வெரலா பத்து வெரலையும் வெச்சு பாத்துட்டு வெறும் பையோட திரும்பி நடந்தத நான் பாத்திருக்கேன். ஒழைச்சு தேஞ்ச வெரலுக்கு தான் அரிசி இல்லன்னு மெஷின் சொல்லுது, இத எப்படி தாங்கறது. 2025 ஆகஸ்ட்ல, அப்ப 70 வயசு தாண்டுனவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்னு தாயுமானவர் திட்டம் வந்துச்சு, ரேஷன வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க, அது உண்மையிலயே பெரிய ஒத்தாசை. ஆனா அந்த வயசு ஆவாத ஆளுக்கும் வெரல் தேயும்.

1000 ரூவா திட்டத்துல வருஷம் 3600 யூனிட் கரண்டுக்குள்ள இருக்கணும்னு ஒரு விதி. லைன் வீட்டுல மூணு குடும்பத்துக்கு ஒரே மீட்டர், ஓனர் பேருல இருக்கும். அப்படி ஒரு அக்கா மனு தள்ளுபடி ஆச்சு, மேல்முறையீடு போட்டு, நேர்ல வந்து பாத்து, அது சரியாகறதுக்கு ஏழு மாசம் ஆச்சு. பணக்காரங்க உள்ள வந்துடக் கூடாதுன்னு போடற ஒவ்வொரு வேலியிலயும் நாலு ஏழைங்க சேல மாட்டிக்குது. 1997ல நாடு முழுக்க ரேஷன ஏழைக்கு மட்டும்னு பிரிச்சப்ப தமிழ்நாடு எல்லாருக்கும்னே வெச்சுகிச்சு பாருங்க, அது எவ்ளோ பெரிய முடிவுன்னு இந்த மனு எழுதற வேலைக்கு வந்தப்புறம் தான் எனக்கு புரிஞ்சுது.

முதியோர் பென்ஷனும் அப்படித்தான். 1962ல 20 ரூவாயில ஆரம்பிச்சது, 2023 ஆகஸ்ட்ல 1200 ஆச்சு. இதுல 80 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு மத்திய அரசு பங்கு 200 ரூவா, 2007லேர்ந்து அதே 200 தான். 2007ல டீ என்ன வெலைன்னு யோசிச்சு பாருங்க.

வன்னிமண்:

நான் இலங்கையில கிளிநொச்சி. உங்கட கதைகளை வாசிக்கேக்க எங்கட ஊர்க் கதை மாதிரியே கிடக்கு. எங்களுக்கு 1995 இல இருந்து சமுர்த்தி எண்ட அரசாங்க உதவித் திட்டம் இருந்தது. 2022 இல நாட்டின்ர பொருளாதாரம் விழுந்தாப் பிறகு, 2023 இல அஸ்வெசும எண்டு மாத்திச்சினம். அப்ப நாலு தரமாப் பிரிச்சு மாசம் 2500, 5000, 8500, 15000 எண்டு ஆருக்கு எவ்வளவு எண்டதை 22 குறிகாட்டிகளை வைச்சு கொம்பியூட்டர் தான் தீர்மானிச்சது. முந்தி சமுர்த்தியில ஆளைத் தெரிஞ்சால் பேர் வரும் எண்டு ஒரு பேச்சு இருந்தது, அது இல்லாமப் போனது நல்லது தான். ஆனா பக்கத்து வீட்டு அக்கா, புருசன் இறுதி யுத்தத்தில செத்துப்போனார், மூண்டு பிள்ளையள், அவவுக்கு முதல் பட்டியலில பேர் இல்லை. வீட்டுத்திட்டத்தில கட்டின கல்வீடு இருக்கிறதால தான் புள்ளி குறைஞ்சது எண்டு ஊரில கதைச்சவை. நாடு முழுக்க லட்சக்கணக்கில மேன்முறையீடு போச்சுது. அவவும் கிராம சேவகரிட்டயும் பிரதேச செயலகத்துக்கும் எத்தினை தரம் நடந்தவ எண்டு கணக்கே இல்லை.

அங்க எல்லாருக்கும் அரிசி குடுக்கினம் எண்டதை சும்மா நினையாதேங்கோ. எங்களிட்டயும் ஒரு காலத்தில எல்லாருக்கும் கூப்பன் அரிசி இருந்தது, 1970களின்ர கடைசியில அதைக் குறைச்சு நிப்பாட்டினவை. அப்பம்மா சாகும் வரைக்கும் கூப்பன் காலம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ.

கரிசல்மண்:

எல்லாருக்கும் மனசார நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு மஞ்சப்பை அக்கா எழுதுனத முழுசா படிச்சு காட்டுனேன். தண்டல் வண்டி வர்ற எடம் வந்தப்ப அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் "இரு"ன்னாங்க. பீரோவ தெறக்கற சத்தம் கேட்டுச்சு. பழைய வேலை அட்டைய எடுத்து வீடியோ கால்ல காட்டுனாங்க, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுல அம்மா முப்பத்தெட்டு வயசு, நெத்தியில பொட்டு இல்ல, அப்பா போயி ஆறு மாசம் கூட ஆயிருக்காது. எங்க ஜில்லாவுக்கு இந்த வேலை 2008ல தான் வந்துச்சு. உள்ள ஒவ்வொரு வாரமா தேதி போட்டு நாள் கணக்கு எழுதிருக்கு. 2012 கடைசியில ஒரு பக்கத்துல அம்மா பென்சில்ல சின்னதா "தம்பி பீசு"ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. அது என்னோட பன்னெண்டாவது பரிட்சை பீசு. நான் அதுவரைக்கும் அது தீப்பெட்டி காசுன்னு தான் நெனச்சுட்டு இருந்தேன்.

மச்சான்கிட்ட நான் பேசறேன். சண்டைக்கு இல்ல, அந்த அட்டைய கொண்டு போயி காட்டப் போறேன்.

ஊர்க்குருவி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்கும் போன ரெண்டு மாசமா ரேஷன்ல ரேகை சரியா விழல, பசையிலயும் மருந்துலயும் கெடந்த கை. கார்டுல அம்மா ஒரு ஆள் தான். தாயுமானவர் திட்டத்துக்கான வயசும் ஆவல. என்ன பண்றது?

ஊர்க்குருவி:

மொதல்ல கடையில கண்ணு ரேகை எடுக்கற மெஷின் இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க, நெறைய கடைக்கு குடுத்திருக்காங்க, இருந்தும் எடுக்காம வெச்சிருப்பாங்க, கேட்டா தான் எடுப்பாங்க. அதுவும் ஆவலன்னா அம்மா சார்பா வேற ஒருத்தர் வாங்கறதுக்கு அங்கீகாரச் சான்று படிவம் இருக்கு, கடையிலயோ தாலுகா வழங்கல் அலுவலகத்துலயோ கேட்டு எழுதிக் குடுக்கலாம், பக்கத்துல நம்பிக்கையான ஆளா போடுங்க. அப்படியே ஆதார் மையத்துல அம்மாவோட ரேகைய புதுசா எடுத்து பாத்துடுங்க, காலையில கைய வெந்நியில நல்லா ஊற வெச்சு கழுவிட்டு போகச் சொல்லுங்க. முடியலன்னா எனக்கு தனி மெசேஜ் போடுங்க, மனுவ நானே எழுதித் தரேன்.